பொன்முடிப் பட்டியல்

"லைட் அணையவே மாட்டேங்கறது, நாகு," என்றார் பிச்சுமணி. மூடி கழற்றிய கம்ப்யூட்டரின் முன்னால் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். பிளாப்பி டிரைவின் விளக்கு விடாமல் எரிந்தது. திரையில் ஒன்றும் வரவில்லை.

கூடத்துக் கட்டிலில் கிடந்த மனைவி நாகலக்ஷ்மி கண்ணைத் திறக்காமலே சொன்னாள்: "கேபிளைத் தலைகீழா சொருகியிருக்கேள். ஆஃப் பண்ணிட்டுத் திருப்பிப் போடுங்கோ. சிவப்புக் கோடு ஒண்ணாம் நம்பர் பக்கம் வரணும், கேட்டேளா?"

இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியிலிருந்து வலியசாலை வீட்டுக்கு அனுப்பி நான்கு நாளாகியிருந்தது. அந்த நான்கு நாளும் அவள் பேசியது இந்த மெஷினைப் பற்றித்தான்.

முப்பத்தைந்து வருஷத்துக்கு முன் பொன்முடி மலையில் ஒரு தேயிலை எஸ்டேட் ஆபீசில் இதே ரகக் கம்ப்யூட்டரை நிறுவியவள் அவள். எஸ்டேட்டின் லைன் வீடுகளில் வரிசையாகக் குடியிருந்த தொழிலாளர்களின் பெயர்களை ஏற்றிக் கொடுத்துவிட்டு, பிளாப்பி டிஸ்கில் ஒரு நகலைத் தன்னிடம் வைத்துக்கொண்டாள். இப்போது எஸ்டேட் கைமாறிவிட்டது. அங்கே யாரும் குடியிருந்ததற்குப் பதிவே இல்லை என்று சொல்லி, புதிய முதலாளி எல்லோரையும் காலி செய்யச் சொல்லியிருந்தார். டிஸ்கைப் படிக்க முடிந்தால் போதும், நாளைய விசாரணையில் கேட்டு, அதைப் பரிசோதிக்கக் கோர்ட்டின் ஆளையே இங்கே வரவழைக்கலாம் என்று வக்கீல் ஜிஷா சொல்லியிருந்தாள். அதற்காக லைன் வீடுகளிலிருந்து வந்திருந்த மாடம்மாள் நேற்று முதல் இங்கேயே இருந்தாள்.

பிச்சுமணி கேபிளை மாற்றினார். விளக்கு எரிந்து அணைந்தது. டிரைவ் கரகரத்துவிட்டு நின்றது. டிஸ்கைப் படிக்க முடியவில்லை என்று திரையில் ஒரு வரி வந்தது.

"டிஸ்கைப் படிக்கற ஹெட்ல அழுக்கு," என்றாள் நாகலக்ஷ்மி, சத்தத்தை மட்டும் கேட்டு. "பஞ்சுல ஸ்பிரிட் தொட்டுத் துடைங்கோ. அழுத்தப்படாது."

"ஸ்பிரிட் இல்லியே."

"மெடிக்கல் ஷாப்ல கிடைக்கும். போயிட்டு வாங்கோ. மாடம்மா இருக்காளே."

அவர் பாட்டிலோடு திரும்பியபோது மாடம்மாள் கட்டிலருகே டம்ளரும் கையுமாக நின்றிருந்தாள்.

"தண்ணி கேட்டாங்க சார். வாயில ஊத்துறதுக்குள்ள..."

பத்து மணிக்குள் தெருவே கூடிவிட்டது. மகள் ஜானவி பெங்களூரிலிருந்து வர மூன்று மணியாகும். நாகலக்ஷ்மியைக் கூடத்துத் தரையில் கிடத்தியிருந்தார்கள். பிச்சுமணி சிறிது நேரம் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்துபோய் மெஷினின் முன்னால் உட்கார்ந்து பஞ்சைக் கிழித்தார்.

அவள் தம்பி ஜெயந்த் குனிந்து சொன்னான்: "அத்திம்பேர், இப்போ வேணுமா இது? நாலு பேர் என்ன நெனைப்பா?"

"அவ ஒத்துண்ட வேலையாக்கும்."

காரியம் செய்துவைக்க வந்து சுவரோரம் உட்கார்ந்திருந்த வாத்தியார் மெல்லக் கேட்டார்: "மாமி எங்கே உத்தியோகம் பாத்தா?"

இந்தக் கேள்விக்குப் பிச்சுமணி எப்போதும் சொல்லிவந்த பதில், "ஒரு ஆபீஸ்ல." ஸ்குரூடிரைவர் தூக்கிக்கொண்டு ஊர் சுற்றும் பொம்மனாட்டி என்று தெருவில் பேசிவிடுவார்கள் என்ற பயம். நாகலக்ஷ்மி ஒருநாளும் அவரைத் திருத்தியதில்லை.

"கம்ப்யூட்டர் சர்வீஸ் இன்ஜினியர்," என்றார். கூடம் முழுவதும் கேட்கட்டும் என்று குரலை உயர்த்தினார். "எங்கே மெஷின் ஸ்டார்ட் ஆகலேன்னாலும் இவளைத்தான் கூப்பிடுவா. டூல்ஸ் பையோட தனியா பஸ் ஏறி மலைக்குப் போனவளாக்கும் என் ஆம்படையாள்."

 அவர் அழுத்தாமல் துடைத்தார். ஸ்பிரிட் உலரும்வரை காத்திருந்தார். சிஸ்டம் டிஸ்கைப் போட்டு ஸ்விட்சைத் தட்டினார். டிரைவ் சீராக ஓடியது. டிஸ்கை மாற்றி, அவள் சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தபடியே எழுத்து எழுத்தாக அடித்தார். வரிசையாகப் பெயர்கள் வந்தன.

"மாடம்மா, இங்க வா. சுடலைக்கண்ணு. நாலாம் லைன், ஆறாம் வீடு. எழுபத்தொம்பதுலேர்ந்து."

"எங்கப்பா சார்," என்றாள் அவள். போனை எடுத்து லைன் வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டாள்.

ஒரு மணிக்கு மலையடிவாரக் கல்லாறிலிருந்து ஒரு ஜீப் வந்து நின்றது. பதினான்கு பேர் இறங்கினார்கள். அக்ரஹாரத்து வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு அங்கேயே நின்றார்கள். ஜெயந்த் வாத்தியாரைப் பார்த்தான்.

"உள்ளே வாங்கோ," என்றார் பிச்சுமணி. "எல்லாரும் வாங்கோ."

ஒவ்வொருவராக வந்து திரையின் முன் குனிந்தார்கள். அவர் பெயரைத் தேடி விரல் வைத்துக் காட்டினார். பார்த்தவர்கள் நேரே போய் நாகலக்ஷ்மியின் காலடியில் விழுந்து எழுந்தார்கள். வாத்தியார் தர்ப்பைக் கட்டை மடியில் எடுத்துக்கொண்டு, அவர்களுக்கு இடம்விட்டுச் சுவரோடு ஒட்டி உட்கார்ந்தார்.