வறுத்த உப்பு

"ரத்தக் கொதிப்பு. உப்பைக் குறைக்கணும்" என்று ஆரப்பாளையத்து டாக்டர் முத்திருளனிடம் சொன்ன அன்றே, அவன் பெண்டாட்டி ஜெயக்கொடி வாணலியை அடுப்பில் ஏற்றிவிட்டாள். பச்சை உப்புதான் கெடுதல், வறுத்தால் அதன் விஷம் போய்விடும் என்று அவள் நம்பினாள். கல் உப்பு வெடித்துக் கையைச் சுட்டதை அவள் சட்டை செய்யவில்லை. வயலுக்குக் கஞ்சி கொண்டுபோகும்போதும் வறுத்த உப்பை முந்தானையில் முடிந்துகொள்வாள். கஞ்சி சப்பென்று இருக்கிறதென்று அவன் முகம் சுளித்தால், வறுத்ததுதானே என்று தாராளமாக அள்ளிப் போடுவாள்.

சித்திரை வெயிலில் வரப்பில் சுருண்டு விழுந்தவனை வண்டி கட்டி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். வாய் கோணி, ஒரு பக்கம் விளங்காமல் போயிருந்தது.

"உப்பைக் குறைச்சியாம்மா?" என்று கேட்டார் டாக்டர்.

"பச்சை உப்பு ஒரு கல்லுகூடப் போடலைங்கய்யா. அம்புட்டையும் வறுத்துத்தான் போட்டேன்" என்றாள் ஜெயக்கொடி, பெருமையாக.

டாக்டர் அவளையே பார்த்தார். "வறுத்தாலும் அது உப்புதாம்மா."

அன்று மாலை முதன்முறையாக உப்பில்லாத கஞ்சியை ஊட்டினாள். கோணிய வாயோரம் பாதி வழிந்தது. மீதியை விழுங்கிய முத்திருளன், விளங்கும் கையை மெல்ல நகர்த்தி அவள் முந்தானை முடிச்சைப் பிடித்து இழுத்தான்.