முப்பதாவது தொடர்

நகோயா சுமோ தொடரின் கடைசி நாள். எங்கள் மல்லன் இசோகாஜியின் தலையில் எண்ணெய் தடவும்போது சீப்பைக் கீழே போட்டுவிட்டேன். முப்பது வருஷமாக மல்லர்களுக்குக் குடுமி கட்டுகிறேன். அப்படி நடந்தது அன்றுதான்.

பதினான்கு நாளில் ஏழு வெற்றி, ஏழு தோல்வி. இரண்டாம் பிரிவின் கடைசிப் படியில் இருப்பவன் இன்னொன்று தோற்றால் கீழே இறங்க வேண்டியதுதான். அங்கே சம்பளம் கிடையாது. முப்பத்தைந்து வயதில், இரண்டு முறை கத்தி வைத்த முழங்காலோடு, மறுபடி ஏறி வருவதெல்லாம் கனவு. அதைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. சம்பளக்கார மல்லனாக முப்பது தொடர் ஆடினால்தான் ஓய்வுக்குப் பின் பயிற்சியாளராகத் தங்க முடியும். இவனுக்கு இந்தத் தொடரோடு சேர்த்து இருபத்தொன்பதுதான்; அடுத்ததிலும் இந்தப் பிரிவிலேயே இருந்தாக வேண்டும். பதினைந்து வயதில் எங்கள் பயிற்சிக் கூடத்துக்கு வந்தவனுக்கு வேறு பிழைப்பும் தெரியாது, வேறு ஆசையும் இல்லை.

எங்கள் குரு எட்டிப் பார்த்து வழக்கமானதைச் சொன்னார்.

"முன்னாடி போ. ஒதுங்காத."

எங்கள் கூடத்தில், மோதும் நொடியில் விலகிக்கொள்வது திருட்டைவிடக் கேவலம். போன வருஷம் ஒருவன் அப்படி ஜெயித்துவிட்டு வந்தபோது, அவனைக் காய்ச்சி எடுத்ததே இசோகாஜிதான்.

உடை மாற்றும் அறைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். எதிராளிக்கு இருபது வயது, காளை மாதிரி இருந்தான். மோதினார்கள். வளையத்தின் விளிம்பில் இருவரும் ஒன்றாகவே விழுந்தார்கள். வெற்றி எங்களுக்கு என்று நடுவர் விசிறியை எங்கள் பக்கம் நீட்டினார். நான் மூச்சு விடுவதற்குள் கறுப்பு அங்கி நீதிபதிகள் ஐந்து பேரும் மேடையேறிக் கூடிப் பேசினார்கள். பேசினார்கள், பேசிக்கொண்டே இருந்தார்கள். கடைசியில், மறு ஆட்டம் என்றார்கள்.

இசோகாஜி வலது காலை இழுத்துக்கொண்டு தன் கோட்டுக்குப் போனான். முட்டி போய்விட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நான் கும்பிடாத தெய்வமில்லை.

இருவரும் கையை ஊன்றினார்கள். பையன் பாய்ந்தான். இசோகாஜி அங்கே இல்லை. இடப்பக்கம் விலகி நின்றான். பையன் வெறும் காற்றில் மோதிக் குப்புற விழுந்தான். அரங்கம் முழுவதும் 'ச்சே' என்று ஒரு பெருமூச்சு. மறைப்பானேன், நான் துள்ளிக் குதித்தேன். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் குதித்தேன்.

அவன் திரும்பி வந்தபோது கூடத்து இளசுகள் தரையைப் பார்த்தபடி வாழ்த்துச் சொன்னார்கள். குரு நிற்காமல் அவனைக் கடந்து போனார். அவன் என் முன்னால் வந்து உட்கார்ந்தான்.

"முப்பது வந்துடுச்சுல்ல, விடுப்பா," என்றேன்.

"பயந்துட்டேன் தொகோயசு அண்ணே." முழங்காலைத் தடவிக்கொண்டான். "இனிமே பசங்ககிட்ட, ஒதுங்காதேன்னு எந்த வாயால சொல்லுவேன்?"

நான் சீப்பை எடுத்து அவன் கலைந்த குடுமியை அவிழ்த்தேன்.