இருவரும் தூங்கினார்கள் என்றொரு வாதம்

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. எனக்குத் துணி தைக்கும் அக்கா, தோளுக்கு அளவெடுத்துக்கொண்டே, "கதை எழுதுவீங்களாமே. எங்க வீட்டுக் கதைய எழுதுங்க. பேர் மட்டும் வேண்டாம்," என்றார். உதட்டில் ஊசிகளைக் கவ்வியிருந்ததால் எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. (பொய். கேட்டது. இன்னொரு முறை சொல்ல வைத்தேன்.)

2

அக்காவின் தங்கை நர்ஸ். இரவுப் பணி முடிந்து வந்து, அக்கா வீட்டுப் பின்னறையில் பகலில் தூங்குவாள். கதையை அங்கிருந்தே தொடங்கினேன்: கலைந்த கூந்தல், போர்வைக்கு வெளியே ஒரு கை, ஜன்னல் வழியே—

அக்கா அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு நிமிர்ந்தார். "அவ தூங்கறப்போ நீங்க எதுக்கு அந்த ரூமுக்குள்ள போனீங்க?"

கிழித்துப் போட்டேன். ஆகவே இவ்வளவுதான்: ஒரு பிற்பகல், அக்கா கடையில் இருந்தபோது, தங்கை கண்விழித்தாள். மாமா, அதாவது அக்காவின் கணவர், அவள்மேல் இருந்தார். தள்ளிவிட்டு வெளியே ஓடினாள். அன்றே புகார் கொடுத்தாள்.

3

அக்காவின் கணவர் மறுக்கவில்லை. இரண்டு மணியிலிருந்து சோபாவில் தூங்கினேன், அலறல் கேட்டுத்தான் விழித்தேன், இடையில் நடந்தது எதுவும் தெரியாது என்றார்.

எனக்குத் தெரிந்த ஒரு வக்கீலிடம் கேட்டேன். "தூங்கறவங்க சம்மதம் சொல்ல முடியாது. அதுல பேச்சே இல்ல," என்றார். "அவனும் தூங்கினானா, அதான் கேள்வி. தூக்கத்துல உடம்பு செஞ்சதுக்கு மனசு பொறுப்பில்லைன்னு வாதாடுவாங்க. அப்படி ஒரு வியாதி நிஜமாவே இருக்கு. அதனாலதான் சிக்கல்."

4

மாமியார் வந்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். "நான் என்ன பொய்யா சொல்லச் சொல்றேன்? அவன் தூக்கத்துல நடக்கறது உனக்குத் தெரியாதாம்மா?"

தெரியும். ஒன்பது வருடத்தில் இரண்டு முறை. ஒருமுறை ஃபிரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு அப்படியே நின்றிருந்தார்.

இந்த இடத்தில் நான், 'அக்கா ஒரு கணமும் தயங்காமல் தங்கையின் பக்கம்' என்று எழுதத் தொடங்கி நிறுத்தினேன். அப்படி நடக்கவில்லை. தங்கையோடு அவர் இரண்டு வாரம் பேசவில்லை. "முதல்ல அவமேலதான் சந்தேகப்பட்டேன். அதையும் எழுதுங்க," என்றார். எழுதிவிட்டேன்.

5

சாட்சிக் கூண்டில் கணவரின் வக்கீல் கேட்டதற்கு, தூக்கத்தில் நடந்த இரண்டு தடவைகளையும் அக்கா மறைக்காமல் சொன்னார். வக்கீலுக்குத் திருப்தி. போகலாம் என்றார். அக்கா நகரவில்லை.

"இன்னும் ஒண்ணு இருக்கு," என்றார். நீதிபதி அனுமதித்தார்.

"அன்னிக்கு ரெண்டரைக்கு அவருக்கு போன் பண்ணினேன். மழை வர்ற மாதிரி இருக்கு, கொடியில இருக்கற துணிய எடுங்கன்னேன். சரின்னார். உன் தங்கச்சி அசந்து தூங்கறா, நீ மெதுவாவே வான்னார்."

"தூக்கத்துல பேசியிருக்கலாமே?" என்றார் வக்கீல்.

"பேசியிருக்கலாம். ஆனா அவ அலறின அஞ்சு நிமிஷத்துல நான் வீட்டுக்கு வந்தப்போ துணியெல்லாம் மடிச்சிருந்துது. சட்டை தனி, புடவை தனி. அவர் படுத்திருந்ததாச் சொல்ற சோபாமேலதான் அத்தனையும் இருந்துது. அதுல ஒரு பூனை படுக்கக்கூட இடமில்ல."

யாரும் சிரிக்கவில்லை. மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கணவர் அக்காவையே பார்த்தார். அக்கா பதிலுக்குப் பார்த்தாரா என்று கேட்டேன். "பார்த்தேன். முழுசா முழிச்சிட்டுத்தான் இருந்தார்," என்றார்.

6

தீர்ப்பு வந்துவிட்டது. எனக்குத் தெரியும். மூன்று விதமாக எழுதியும் பார்த்தேன். தண்டனை என்று எழுதினால் நீங்கள் நிம்மதியாகப் புத்தகத்தை மூடிவிடுவீர்கள். விடுதலை என்று எழுதினால் சட்டத்தைத் திட்டிவிட்டு மூடுவீர்கள். மேல்முறையீடு என்று எழுதினால் எனக்குத் தப்பிக்க வழி.

அதனால் மூன்றும் வேண்டாம். கூண்டிலிருந்து இறங்கிய அக்கா, தங்கை உட்கார்ந்திருந்த பெஞ்சை நோக்கி நடக்கிறார். "உம்மேல சந்தேகப்பட்டேன்டி" என்பதை இன்னும் அவளிடம் சொல்லவில்லை. நான்கு அடி தூரம்தான்.

தங்கை நிமிர்ந்து பார்க்கிறாள். நகர்ந்து இடம் விடுவதும் விடாததும் அவள் விருப்பம். நானோ நீங்களோ அதை முடிவு செய்யக்கூடாது, காத்திருக்கலாம்.