சத்தம் வராத பாடம்

பிளஸ் டூ செய்முறைத் தேர்வின் கடைசி பேட்ச் கிளம்பிப் போன பிறகு, கோமு ஆய்வகத்தில் தனியாக நின்று சோதனைக் குழாய்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். ஜன்னலையெல்லாம் திறந்து வைத்தும் அழுகிய முட்டை நாற்றம் போகவில்லை. சல்பைடு உப்பு கிடைத்த பிள்ளை கையில் இருந்த அமிலத்தையெல்லாம் கொட்டியிருக்க வேண்டும். அப்போதுதான் போன் அடித்தது. கணேஷ்ராம். பெயரைப் பார்த்ததும் அவசரமாக ஈரக்கையைச் சேலையில் துடைத்தாள். அந்த அவசரத்துக்காகவே அவளுக்குத் தன் மேல் எரிச்சல் வந்தது.

"கோமதி, ஊருக்கு வந்திருக்கேன். ஒரு விஷயம் பேசணும். சாயங்காலம் வீட்டுக்கு வரலாமா?"

கோமதி என்ற பெயர் அவளுடைய சான்றிதழ்களில் மட்டும் இருந்தது. அவனுக்கு அவள் 'ஏட்டி', மனசு குளிர்ந்திருந்தால் 'கோமு'. குடும்ப நீதிமன்றத்தில்தான் விவாகரத்து மனுவைப் பார்த்துக் கோமதி என்று கூப்பிட்டார்கள். அதைக் கேட்டுப் பழகிவிட்டான் போலிருக்கிறது. "ம்" என்றாள். போனில் அதற்கு மேல் அவள் யாரிடமும் பேசுவதில்லை.

சின்ன வயதிலிருந்தே கோமுவுக்குத் திக்குவாய். வேதியியலில் எம்.எஸ்ஸி., அதற்கு மேல் பி.எட். எல்லாம் முடித்தவள்தான். வேலைக்கான நேர்காணலில் பாடம் நடத்திக் காட்டச் சொன்னபோது 'பென்சீன்' என்ற சொல்லில் மாட்டிக்கொண்டு, வெளியே வரவே முடியாமல் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு வந்தாள். அதோடு டீச்சர் ஆசையை மூட்டை கட்டிவிட்டு, பாளையங்கோட்டையில் ஒரு பள்ளியில் ஆய்வக உதவியாளராகச் சேர்ந்தாள். அவள் ஒரு வாக்கியத்தைத் தொடங்கித் தடுமாறினால் போதும், ஊரே ஓடி வந்து அதைப் பிடுங்கி முடித்துக் கொடுத்துவிடும். எல்லாம் நல்ல எண்ணம்தான். பாதி நேரம் தப்பாக முடிப்பார்கள். அவளும் அலுத்துப்போய்த் தலையாட்டிவிடுவாள். அப்படித் தலையாட்டியே ஜவுளிக்கடையில் பச்சைச் சேலை கேட்கப் போய் நீலச் சேலையோடு திரும்பியவள் அவள்.

கணேஷ்ராம் மட்டும்தான் காத்திருந்தான். பெண் பார்க்க வந்த அன்று ஏதோ கேட்டான். அவள் முதல் எழுத்திலேயே மாட்டிக்கொண்டாள். சுற்றி இருந்த சித்தியும் அத்தையும் வாயெடுக்கும் முன் அவன் கையைக் காட்டி அவர்களை நிறுத்தினான். காபியைக் குடித்துக்கொண்டு, ஒன்றும் நடக்காதது போல அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் பைய கரையேறினாள். கல்யாணத்துக்குப் பிறகு அவனிடம் பேசும்போது மட்டும் திக்கு வந்ததே இல்லை. இது எப்படி என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியவில்லை. அவளுக்குத் தெரியும்.

கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது இரண்டு பேருமாக யூடியூபில் 'பைய படிப்போம்' என்று பிளஸ் டூ வேதியியலுக்கு ஒரு சேனல் தொடங்கினார்கள். பாடத்தை யோசிப்பது அவள். வெள்ளைப் பலகையில் ஓடுவது அவள் கை. குரல் அவனுடையது, டியூஷன் எடுத்துத் தீட்டிய வெண்கலத் தொண்டை, ஆனால் கையெழுத்து கோழி கிளறியது போலிருக்கும். முந்தின நாள் அவள் அவனுக்குப் பாடம் முழுவதையும் தங்குதடையில்லாமல் சொல்லுவாள். மறுநாள் அவன் அதையே தன் கேலியையும் சேர்த்துப் பிள்ளைகளுக்குச் சொல்லுவான். "என்ன மக்கா, சாப்பிட்டாச்சா?" என்றுதான் எல்லாப் பாடமும் ஆரம்பிக்கும். கொற்கையிலும் ஆழ்வார்குறிச்சியிலும் இருந்து பிள்ளைகள், 'சார், உங்க கையெழுத்து முத்து முத்தா இருக்கு' என்று எழுதுவார்கள். அதைப் படித்துவிட்டு இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அவளுக்கு அதற்குமேல் எதுவும் வேண்டியிருக்கவில்லை. அவள் பாடம் எடுத்துக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான்.

அந்தக் குரலைக் கேட்டுச் சென்னையிலிருந்து, ஆன்லைனில் பாடம் நடத்தும் ஒரு கம்பெனி கூப்பிட்டது. கையை யாரும் கூப்பிடவில்லை. வாரா வாரம் வந்துகொண்டிருந்தவன், மாதம் ஒருமுறை வந்தான். பிறகு கூட வேலை பார்க்கும் ஒருத்தியைப் பற்றி அவனே சொன்னான். கோமு சண்டை போடவில்லை. போட்டிருக்கலாம்.

சாயங்காலம் வந்தவன் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான். அவனே வாங்கிப் போட்ட நாற்காலி. நல்லா இருக்கியா என்றான், தலையாட்டினாள். மின்விசிறியைப் பார்த்தபடியே விஷயத்துக்கு வந்தான்.

"புதுசா அக்ரிமென்ட் போடுதாங்க. என் வாய்ஸ் வேற எந்தச் சேனல்லயும் இருக்கக் கூடாதுங்காங்க. சேனல் உன் பேர்லதான இருக்கு. நீதான் எல்லாத்தையும் அழிக்கணும்."

அடுத்த மாதம் பொதுத்தேர்வு. இந்த நேரத்தில் பாடங்களை எடுத்தால் பிள்ளைகள் எங்கே போவார்கள் என்று கேட்க வாயைத் திறந்தாள்.

"ப... ப... பரீ..."

அவள் நிறுத்தினாள். இரண்டு பேருக்கும் அது கேட்டது. கல்யாணத்துக்குப் பிறகு அவனிடம் அவள் திக்கியது அதுதான் முதல் தடவை. இன்னும் கொஞ்சம் பொறுத்தால் வந்துவிடும், இவன் பொறுப்பான் என்று நினைத்து மறுபடியும் மூச்சை இழுத்தாள்.

"பரீட்சை முடியட்டும்ங்கியா? அது வரைக்கும் அவங்க பொறுக்க மாட்டாங்க, கோமதி."

முடித்துவிட்டான். சரியாகத்தான் முடித்திருந்தான். ஆனாலும், அவள் வாக்கியத்தை இதுவரை அவன் பிடுங்கி முடித்ததே இல்லை. கோர்ட்டில் கையெழுத்துப் போட்டபோதுகூட அவன் தன்னை விட்டுப் போய்விட்டதாக அவளுக்கு இவ்வளவு நிச்சயமாகத் தெரியவில்லை. இதை மட்டுமாவது சொல்லிவிட வேண்டும் என்று நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். அது என் குரல். நான் பேசியதெல்லாம் அதில்தான் இருக்கிறது.

"அ... அது என்... என்..."

"உன் கை. தெரியும், நான் இல்லைன்னு சொல்லலையே. கை அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டும். சத்தத்த மட்டும் எடுத்திரு, போதும்."

சிக்கல் இல்லாமல் முடிந்ததே என்ற நிம்மதி அவன் முகத்தில் தெரிந்தது. கோமு தலையாட்டினாள்.

அவன் போன பிறகு, அந்த வாரம் முழுக்கப் பள்ளி விட்டு வந்து அதே வேலையாக உட்கார்ந்தாள். உலோகவியல், அணைவுச் சேர்மங்கள், மின்வேதியியல் என்று ஒவ்வொரு பாடமாக இறக்கி, ஒலியை நீக்கி, மறுபடியும் ஏற்றினாள். நீக்கிய ஒலியைத் தனியாகச் சேமிக்கவா என்று கணினி கேட்டது. வேண்டாம் என்று அழுத்தினாள். அழுத்திய பிறகுதான் அழுதாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆழ்வார்திருநகரியிலிருந்து பிரியதர்ஷினி என்ற பெண் எழுதியிருந்தாள்: 'சார், எந்தப் பாடத்துலயும் சத்தம் வரல. என் போன்தான் ரிப்பேரா? அப்பாகிட்ட சொன்னா திட்டுவாங்க.'

எழுதும்போது கோமுவுக்கு எந்த எழுத்திலும் தடங்கல் கிடையாது. இருந்தும் எழுதியதை மூன்று முறை அழித்தாள். கடைசியில், 'உன் போன் நல்லாத்தான் இருக்கும்மா' என்று மட்டும் எழுதினாள். பிறகு அந்தப் பெண் எதைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று தெரிந்துகொள்ள, அந்தப் பாடத்தையே ஓடவிட்டாள்.

வேதிவினை வேகவியல். பச்சை மார்க்கரால் கை ஒரு கோட்டை மேடாக ஏற்றிக்கொண்டு போய் உச்சியில் நின்றது. வினை நடக்க வேண்டுமென்றால் முதலில் ஏறிக் கடக்க வேண்டிய மேடு அது. நெல்லையப்பர் தேர் நிலையை விட்டு நகர, சக்கரத்துக்கு அடியில் தடி போட்டு நெம்பினால்தான் உண்டு, அந்த முதல் அசைவுக்குத்தான் அத்தனை பேர் பலமும் வேண்டும் என்று அவன் நீட்டி முழக்கிச் சொல்லுகிற இடம். அவள் யோசித்துக் கொடுத்ததுதான். இப்போது அங்கே ஒன்றுமில்லை.

மார்க்கரைப் பலகையில் படாமல் ஒரு நெல்மணி அளவுக்குத் தூக்கிப் பிடித்தபடி, கை காத்திருந்தது. கட்டைவிரல் ஒருமுறை லேசாக அதிர்ந்தது. அந்த இடத்தில் அவள் சிரித்திருக்க வேண்டும். கை இன்னும் காத்திருந்தது. பிறகு, கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டு முடித்தது போல, கோட்டைப் பைய கீழே இறக்கத் தொடங்கியது.