வாரேன் திருநாள்

"பெரியப்பா, பெட்டியத் திறங்க."

இதை வீட்டில் வைத்துச் சொல்லியிருந்தால் அம்மா ஓடிவந்து வாயைப் பொத்தியிருப்பாள். பேச்சிச்செல்வி மைக்கில் சொன்னாள். இறைவணக்கம் பாடத்தான் அவளை மேடைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். ஊரில் பட்டம் வாங்கிய முதல் பெண், நாலு பேர் மெச்சப் பாடுவாள் என்று நம்பிக் கூப்பிட்டார்கள். பனைமரங்களில் கட்டியிருந்த குழாய்கள் அவள் கேட்டதைத் தேரிமணல் தாண்டிக் கடல்வரை கொண்டுபோய்ச் சேர்த்தன.

எதை வேண்டுமானாலும் கேள், பெட்டியைத் திறக்கச் சொல்லி மட்டும் கேட்காதே. எட்டு மாதமாக அவளுக்கு ஊர் சொன்ன ஒரே புத்தி அது.

பெட்டி மௌனச்சாமியுடையது. முப்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால், உடன்குடிக்குத் தெற்கே கிடக்கும் இந்த ஊருக்குத் தாடியும் சொம்புமாக ஒருவர் வந்து புன்னைமரத்தடியில் உட்கார்ந்தார். பெயர் கேட்டார்கள், பேசவில்லை. ஊர் கேட்டார்கள், பேசவில்லை. தேள் கொட்டியபோதுகூட வாய் திறக்கவில்லை என்கிறார்கள். பன்னிரண்டு வருஷம் அப்படியே ஓடியது. 'முத்துக்குளிப்பவன் மூச்சை அடக்குவான், எங்கள் சாமி பேச்சை அடக்கினார்' என்று கோயில் வளைவில் இன்றைக்கும் எழுதியிருக்கிறது. பிறகு ஓர் ஆவணிமாதக் காலையில் சாமி எழுந்தார். வேட்டியை உதறினார். "வாரேன்" என்றார். போய்விட்டார்.

அந்த ஒரு சொல்தான் ஊருக்கு வேதம். இந்தப் பக்கத்தில் கறிவேப்பிலை வாங்கப் போகிறவன்கூட வாரேன் என்று சொல்லிவிட்டுத்தான் போவான். போறேன் என்பது ஆகாத சொல், வாயில் வரக்கூடாது. அது எல்லோருக்கும் தெரியும். ஆனால் பன்னிரண்டு வருஷம் பேசாதவர் ஒப்புக்கா ஒரு வார்த்தை பேசுவார்? திரும்பி வருவேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறார் என ஊர் முடிவுகட்டியது. அவர் விட்டுப்போன சொம்பைக் கண்ணாடி பதித்த தேக்குப்பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார்கள். மேலே உண்டியல்போல ஒரு கீறல் விட்டார்கள், காணிக்கை போட. உள்ளே போனது சாமி கையால் மட்டும்தான் வெளியே வரும் என்று விதி செய்தார்கள். வருஷா வருஷம் அதே நாளில் வாரேன் திருநாள்.

சாமி பேசிய அன்றைக்குப் பிறந்தவள் என்பதால் அவளுக்குப் பேச்சிச்செல்வி என்று பேர் வைத்தார் அப்பா பாண்டியராஜன். பேருக்குத் தகுந்த வாய் அமைந்தது அவர் எதிர்பாராதது.

கருப்பட்டிக் கடைக்காரரான அவர், மகள் பட்டமளிப்பு விழா முடிந்து வந்ததும், "சாமிட்ட ஒரு தடவ காட்டிட்டு வாரேன்" என்று சான்றிதழை வாங்கிக்கொண்டு போனார். காட்டவில்லை, கீறல் வழியாகப் போட்டுவிட்டார். அன்றையிலிருந்து விளக்கேற்ற வருகிறவர்கள் எல்லாம் கண்ணாடி வழியே அவளுடைய பி.காம். பட்டத்தையும் சேர்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

நாளைக் காலை பத்து மணிக்குத் தூத்துக்குடித் துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜென்சியில் அசல் சான்றிதழைக் காட்டினால் வேலை. தொலைந்துவிட்டதென்று போலீசில் எழுதிக் கொடுத்து மறுபிரதிக்கு மனுப் போடலாம், ஆறு மாதம் ஆகும் என்றார்கள். ஆறு மாதத்தைவிட, எழுதிக் கொடுக்கத்தான் அவளுக்குக் கை வரவில்லை. தொலையவில்லையே! பூட்டிக் கிடக்கிறது. தினமும் பார்க்கிறாள்.

மேடைக்குக் கீழே நின்ற அய்யாக்குட்டிப் பெரியப்பா இடுப்பைத் தடவி, அரைஞாணில் சாவி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். அவர்தான் தர்மகர்த்தா.

"ஏளா, திருநாளும் அதுவுமா என்ன பேச்சு பேசுத? சாமி வந்து திறப்பாவ. அதுவரைக்கும் பொறு."

"எப்ப வருவாவ?"

"வாரேன்னுட்டுத்தான போயிருக்காவ."

"எங்க அப்பாவும் காட்டிட்டு வாரேன்னுட்டுத்தான் கொண்டுபோனாவ."

பந்தலில் யாரோ சிரித்துவிட்டு இருமலாக மாற்றினார்கள். பாண்டியராஜன் துண்டால் முகத்தைத் துடைத்தார். சாம்பார் வாளியோடு பந்திக்குப் போய்க்கொண்டிருந்த முருகேஸ்வரி அத்தைக்குப் பொறுக்கவில்லை.

"ஏளா செல்வி, பொட்டப்புள்ளைக்கு இவ்வளவு சத்தம் ஆகாது. சாமியப் பாரு. பன்னெண்டு வருஷத்துல ஒரு சத்தம் உண்டுமா?"

"அவியளுக்கு மூணு வேளையும் நீங்க சோறு போட்டிய அத்தை. எனக்கு எவன் போடுவான்?"

அய்யாக்குட்டி மைக்கைப் பிடுங்கக் கை நீட்டினார். அந்த நேரத்தில்தான் சோற்று வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"ஏய்! அது எஞ் சொம்புல்லா!"

எழுபத்தைந்து வயது இருக்கும். மழித்த முகம், பல்செட், கக்கத்தில் ஜவுளிக்கடை மஞ்சள் பை. வரிசையை விட்டு விலகி நேரே பெட்டிக்கு வந்து கண்ணாடியில் மூக்கை ஒட்டினார்.

"அதேதான். கழுத்துல நசுங்கல் இருக்கு பாருங்க. பெ.மு.சீ. வெட்டியிருக்கா? வெட்டியிருக்கு. பெரியநாயகம் மக முத்துக்கனி சீரு. எம் மாமனார் கல்யாணத்துக்குக் குடுத்தது."

முந்நூறு பேரும் பெட்டியைப் பார்த்தார்கள். சொம்பில் வெட்டியிருந்த அந்தப் பெமுசீதான் ஊரின் மந்திரம். காலையில் நூற்றெட்டு, மாலையில் நூற்றெட்டு. 'பெருங்கடலில் முத்தெடுத்த சீலர்' என்று பொருள் சொல்லி அய்யாக்குட்டி பதினாறு பக்கத்தில் புத்தகமே போட்டிருந்தார். பந்தலில் எல்லார் மடியிலும் ஒன்று இருந்தது.

"நீரு யாருவே?" என்றார் அய்யாக்குட்டி.

"தங்கப்பாண்டி. தூத்துக்குடிப் பக்கம் புதுக்கோட்டை. உப்பு லாரி ஓட்டிக்கிட்டு இருந்தேன். எம் பொண்டாட்டி ஒருநாள், வாயப் பொத்திக்கிட்டு ஒரு நாள் இரும் பாப்போம்னா. இருந்து காட்டுதேன், நீயா வந்து பேசச் சொல்லுத வரைக்கும் பேசமாட்டேன்னுட்டு தண்ணிச் சொம்போட வந்து இங்கன உக்காந்தேன். அவளுக்கு நான் இருக்க எடம் தெரியும். வரமாட்டாளே! அவளும் வைராக்கியக்காரி. பன்னெண்டு வருஷம் கழிச்சு ஒரு லாரிக்காரன்ட்ட, அந்தாளு வந்தா வரட்டும்னு சொல்லிவிட்டா. சோறு போட்டவங்ககிட்ட சொல்லாமப் போவ முடியுமா? வாரேன்னு சொல்லிட்டு ஓடுனேன். அவசரத்துல சொம்ப விட்டுட்டேன். இருபத்துமூணு வருஷமா சொம்பு எங்க, சொம்பு எங்கன்னு அரிக்கா. இப்ப பேத்திக்குக் கல்யாணம். சொம்பு இல்லாம வீட்டுக்குள்ள வராதீரும்னுட்டா. எடுத்துக் குடுங்க, பஸ்ஸுக்கு நேரமாச்சு."

இவ்வளவையும் அவர் ஒரே மூச்சில் சொன்னார்.

முதலில் தெளிந்தவர் அய்யாக்குட்டி. "கேட்டியளா? இந்தாளு வாயா, வண்டிச்சக்கரமா? நம்ம சாமி பேசாது. இது போலி. ஏலே, பிடிச்சு வெளிய விடுங்கல."

"பன்னெண்டு வருஷப் பேச்சு உள்ள கெடந்துதுல்லா," என்றார் தங்கப்பாண்டி. "இன்னும் பாதிதான் பேசி முடிச்சிருக்கேன்."

பேச்சிச்செல்விக்கு அந்தச் சாமிமேல் நம்பிக்கை இருந்ததே கிடையாது. ஆனால் கண்ணாடிக்குள் தன் பேரைப் பார்த்தாள். உள்ளே போனது சாமி கையால்தான் வெளியே வரும். அப்படியென்றால் இவர் சாமியாக இருந்தே ஆகவேண்டும். ஊரில் ஒருத்தரும் நம்பாதபோது அவள் ஒருத்தி நம்பித் தொலைய வேண்டியிருந்தது. மைக்கை இரண்டு கையாலும் பிடித்தாள்.

"சாமி வந்துட்டாவ! எல்லாரும் எந்திரிங்க!"

பாதிப்பேர் பழக்கத்தில் எழுந்துவிட்டார்கள்.

"ஏளா, சும்மா கெட!"

"ஏன் பெரியப்பா? இருபத்துமூணு வருஷமா வாருங்க வாருங்கன்னு பாடுனிய. இப்ப வந்து நிக்காவ, மூஞ்சி ஏன் கோணுது? சாமி வரும்னு நம்புனியளா, வராதுன்னு நம்புனியளா? அத மட்டும் மைக்குல சொல்லுங்க."

அவர் மறுபடி இடுப்புச் சாவியைத் தடவினார்.

தங்கப்பாண்டி கூட்டத்தை ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்து, சாம்பார் வாளிக்காரியிடம் வந்து நின்றார். "நீ முருகேஸ்வரிதான? புதுசாக் கல்யாணம் ஆகி வந்தவ. வெள்ளிக்கிழமை உன் மொற. எம்மா, உன் சாம்பார்ல உப்பே இருக்காது. பன்னெண்டு வருஷமும் சொல்லணும் சொல்லணும்னு நாக்கு துடிச்சுது."

முருகேஸ்வரி வாளியைக் கீழே வைத்தாள். முப்பத்தைந்து வருஷமாக அவள் புருஷன் சொல்லி அவள் ஒப்புக்கொள்ளாத விஷயம் அது. தானே கொஞ்சம் எடுத்து நக்கிப் பார்த்தாள். பிறகு, "சாமீ!" என்று காலில் விழுந்தாள்.

"சாம்பாருக்கு உப்பில்லன்னு எவனும் சொல்லலாம்," என்றார் அய்யாக்குட்டி. "அது சாட்சியாகாது."

"நீ அய்யாக்குட்டில்லா!" தங்கப்பாண்டிக்கு முகமெல்லாம் மலர்ந்தது. "அடையாளமே தெரியல. எத்தன மத்தியானம் வந்து எம் மடியில தல வச்சு அழுதிருப்ப! சாமி யார்ட்டயும் சொல்லாதுன்னு எல்லாத்தையும் சொல்லுவியே. அந்த எல்லைக்கல்லு..."

கூட்டத்தில் ஒரு தலை விருட்டென்று திரும்பியது. அய்யாக்குட்டியின் பக்கத்துத் தோட்டக்காரர் தலை.

"சாமீ!" என்று அலறினார் அய்யாக்குட்டி. அரைஞாணிலிருந்து சாவியை அவிழ்க்கப் பொறுமையில்லாமல் கயிற்றோடு அறுத்தார். "சாமி, உங்க பெட்டி, உங்க சாவி. பேசாண்டாம் சாமி, திறங்க!"

அப்போதுதான் மற்றவர்களுக்கும் உறைத்தது. பன்னிரண்டு வருஷம் அந்தப் புன்னைமரத்தடிக்குப் போய் யார் யார் என்னென்ன சொல்லியிருந்தார்கள்! பேசாத சாமி என்று நம்பித்தானே சொன்னார்கள். பந்தலில் ஒவ்வொருவராகக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். சிலர் வாய்மேல் விரல் வைத்துக் கும்பிட்டார்கள். ஊரில் அவ்வளவு பக்தியைப் பேச்சிச்செல்வி ஒருநாளும் பார்த்ததில்லை.

பூட்டு துருவேறியிருந்தது. பந்தியிலிருந்து தேங்காயெண்ணெய் வந்தது. சொம்பு வெளியே வந்து மஞ்சள் பைக்குள் போனது.

"தாத்தா, அந்தக் காயிதம்," என்றாள் பேச்சிச்செல்வி. "அது என்னுது."

எடுத்துக் கண்ணுக்கு எட்டப் பிடித்து வாசித்தார். "பேச்சிச்செல்வி. பி.காம். முதல் வகுப்பு. ஏளா, இத எதுக்குப் பெட்டிக்குள்ள போட்ட? சட்டம் போட்டுச் செவுத்துல மாட்டலாம்லா?" என்று கொடுத்தார். உள்ளே வேறு என்னென்னவோ கிடந்தன. அவர் பார்க்கவில்லை.

வளைவுவரை போனவர் திரும்பினார். சொல்லிக்கொண்டு போவது அவருக்குப் பழக்கம். வாயைத் திறந்தார். முந்நூறு பேரும் முன்னால் சாய்ந்தார்கள்.

"தாத்தா!" பேச்சிச்செல்வி கத்தினாள். "அந்த வார்த்தைய மட்டும் சொல்லிராதிய!"

அவர் யோசித்தார். சாலையில் ஹாரன் கேட்டது.

"பஸ்ஸு வந்துட்டு," என்றார். போய்விட்டார்.

பிறகு அய்யாக்குட்டி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, அந்தச் சொற்களை மெல்ல மென்று பார்த்தார். "பஸ்ஸு வந்துட்டு. வரும்னு சொல்லல, கவனிச்சியளா? வந்துட்டுன்னு சொல்லுதாவ."

"எந்த பஸ்ஸு அண்ணாச்சி?" முருகேஸ்வரி கேட்டாள்.

"அதத்தான் நாம கண்டுபிடிக்கணும்."

பின்வரிசையில் ஒருவர் அதைப் புத்தகத்தின் முதுகில் எழுதிக்கொண்டார்.

பாண்டியராஜன் மகளிடம் வந்து கை நீட்டினார். "குடு செல்வி. ஒரு நிமிஷம்."

கொடுக்கலாமா என்று அவள் யோசித்ததை அவர் பார்த்தார். அது அவருக்கு எங்கோ தைத்திருக்க வேண்டும்.

"எங்கிட்ட இருந்ததுல அதுதாம்மா பெருசு. அதான் சாமிக்குக் குடுத்தேன்."

"அது உங்ககிட்ட இருந்ததில்லப்பா. எங்கிட்ட இருந்தது."

ஆனாலும் நீட்டினாள். அவர் வாங்கினார். சான்றிதழின் முத்திரைமேல் படிந்திருந்த கற்பூரக் கரியைத் துண்டு நுனியால் துடைத்தார். இரண்டு தடவை துடைத்தார். பிறகு தானாகவே அவள் கையில் வைத்தார்.

"நாளைக்குக் காலையில போனாப் போதாதா? இன்னைக்கு உனக்குப் பொறந்தநாளு."

"பை காலையிலேயே டீக்கடையில கெடக்கு. தூத்துக்குடி ஹாஸ்டல்ல எடம் சொல்லியாச்சு."

"பெட்டி திறக்காட்டி என்ன செஞ்சிருப்ப?"

"கண்ணாடி வழியா போட்டோ எடுத்து வச்சிருந்தேன். சர்டிபிகேட்டு சாமிகிட்ட இருக்கு, நம்புனா நம்புங்கன்னு சொல்லியிருப்பேன். எப்படியும் போயிருப்பேன்."

அவருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார். "சரி. வாரேன்னு சொல்லிட்டுப் போ."

பேச்சிச்செல்வி பெட்டியைப் பார்த்தாள். சொம்பு இருந்த இடம் வட்டமாக வெளுத்திருந்தது. அந்த இடத்தில் எதை வைக்கலாம் என்று அய்யாக்குட்டிப் பெரியப்பா அதற்குள் சுற்றுமுற்றும் தேடிக்கொண்டிருந்தார். அவர் கண் மைக்கில் போய் நின்றது, பிறகு அவள்மேல்.

"வாரேன்னு சொன்னா நீங்க பெட்டி செஞ்சிருவியப்பா," என்றாள். "போறேன்."

யாரோ "ஐயய்யோ" என்றார்கள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. வளைவைத் தாண்டி, சூடேறிய செம்மணலில் செருப்புப் புதையப் புதைய நடந்தாள். ஓடத் தேவை இருக்கவில்லை. பஸ் நகரவில்லை. தங்கப்பாண்டி படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு கண்டக்டரிடம் பேசிக்கொண்டிருந்தார்.