டாஷ்போர்டில் காய்ந்த தோல்

அருள்நேசனிடம் துப்பாக்கி கிடையாது. வாங்குகிற எண்ணமும் இல்லை. ஆனால் துப்பாக்கிக்கு உறை தைப்பதில் மனுசனுக்கு அப்படியொரு பித்து. டொலார்ட்-டெஸ்-ஓர்மோ என்ற அந்தக் கனடியப் புறநகரில் மற்ற வீட்டுக்காரர்கள் பேஸ்மென்டில் பெரிய டிவியும் பாட்டுப் பெட்டியும் வைத்திருக்க, இவர் மாட்டுத்தோலும் மெழுகு நூலும் ஊசியும் குவித்து வைத்திருந்தார். ஒரு பனிக்காலம் வெளியே போக வழியில்லாமல் கிடந்தபோது யாரோ ஒரு வெள்ளைக்காரன் இடுப்பு உறை தைக்கிற வீடியோவைப் பார்த்துத் தொடங்கிய விளையாட்டு அது. பிறகு, வங்கிக்குப் பணம் கொண்டுபோகும் வண்டியில் காவலுக்குப் போகிற தனோஜன் தனக்கொன்று கேட்டான். அவனுடைய கூட்டாளிகளும் கேட்டார்கள். அதன்பிறகு அருள்நேசனுக்குத் தலைகால் தெரியவில்லை.

மேலே சமையலறையில் நிற்கும் அவருடைய மனைவி யோகராணிக்கு அந்த வேலையில் ஒரேயொரு சத்தம்தான் தெரியும். துப்பாக்கி விழாமல் பிடிக்க உறையின் வாயில் ஒரு வார் இருக்கும், அந்த வாரில் அழுத்திப் பூட்டுகிற ஓர் அமத்துப் பொத்தான். திறந்தால் 'டக்' என்று கேட்கும். சரியாகப் பிடிக்கிறதா என்று பார்க்க அவர் அதைப் பூட்டுவார், திறப்பார், மறுபடி பூட்டுவார். அந்த 'டக்' கேட்கும்போதெல்லாம் யோகராணி கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு உள்ளங்கைகளையும் மேசைமேல் விரித்தபடி நிற்பாள். கத்தரிக்காய் பாதி வெட்டியபடி கிடக்கும். அடுப்பில் தாளிதம் கருகும். அவள் நினைத்துச் செய்வதில்லை, கை தானாகப் போய்விடும்.

இதை அவரிடம் அவள் சொன்னதில்லை. சொன்னால் சிரிப்பார். பொலிஸ்காரன் கோப்பி வாங்க வரிசையில் நின்றால்கூட அவள் கடையை விட்டு வெளியே வந்துவிடுவதை வைத்தே எத்தனையோ கலியாண வீடுகளில் ஆட்களைச் சிரிக்க வைத்தவர் அவர். அவரைக் குறை சொல்லியும் பயனில்லை. ஊரில் சண்டை மூளும் முன்னரே விமானம் ஏறியவர், ஆமி மறித்துச் சோதிக்கிற ஒரு சென்றியில்கூட நின்றறியாதவர். அவள் நின்றவள். அவளுக்கு முன்னால் நின்ற ஒருவர் அடையாள அட்டையை எடுத்துக் காட்ட அவசரப்பட்டுச் சட்டைக்குள் கையை விட்டார். ஆமி அதிகாரியின் இடுப்பில் 'டக்' என்று கேட்டது. அதற்குப் பிறகு கேட்ட சத்தத்தைப் பற்றி அவள் எவரிடமும் வாய் திறந்ததில்லை.

உறை தைப்பதில் ஒரு பக்குவம் உண்டு. தோலை நன்றாக நனைத்து, உள்ளே ஒரு பொம்மைத் துப்பாக்கியை வைத்து, விரலால் அழுத்தி அழுத்தி வடிவம் எடுத்து, அப்படியே காயவிட வேண்டும். யாரும் நிசமென்று நினைத்துவிடாதபடி அந்தப் பொம்மை பளீரென்ற நீலத்தில்தான் வரும். அருள்நேசன் வாங்கிய பொம்மையின் நீலம் வெளிர்த்தோலில் ஒட்டிக்கொண்டது. மினக்கெட்டுச் செய்ததெல்லாம் வீணாகிறதே என்று அவர் பொம்மையை அடிமுதல் நுனிவரை கறுப்பு டேப்பால் சுற்றிவிட்டார். அதில் அவருக்குப் பெருமை வேறு.

காயவைக்க மற்றவர்கள் ஓவனை இளஞ்சூட்டில் வைப்பார்களாம். விரதச் சமையல் நடக்கிற வீட்டு ஓவனுக்குள் மாட்டுத்தோல் போனால் பேந்து அவரே சமைத்துச் சாப்பிடட்டும் என்று யோகராணி சொல்லிவிட்டாள். ஆகவே அவர் காரைக் கண்டுபிடித்தார். கோடை வெயிலில் கண்ணாடிக்குக் கீழே, டாஷ்போர்டில் வைத்தால் தோல் அப்பளம் மாதிரிக் காய்ந்தது.

ஆடி வெள்ளியன்று கோயிலுக்குப் புறப்பட்டபோதும் அது அங்கேதான் இருந்தது. கறுத்தப் பிடி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. வீட்டில் வைத்துவிட்டு வரும்படி யோகராணி கேட்டாள். இப்போது தொட்டால் வடிவம் கெட்டுவிடும் என்றார் அவர். அவள் ஓர் இலவசத் தமிழ்ப் பேப்பரை விரித்து அதை மூடினாள். முருகன் கோயில் வாசலில் அவள் இறங்கி நடந்தபின், வெயில் படவேண்டுமென்று அவர் பேப்பரை எடுத்துப் பின் ஆசனத்தில் போட்டுவிட்டு வந்தார்.

பூசை முடிந்து இருவரும் திரும்பினார்கள். கார் கொதித்தது. கண்ணாடிகளை இறக்கிவிட்டார். யோகராணியின் மடியில் கோயிலில் சுற்றிக் கொடுத்த சர்க்கரைப் பொங்கல் சரை இருந்தது. அப்போதுதான் ஒரு பொலிஸ் கார் அவர்களுக்கு முன்னால் குறுக்காக வந்து நின்றது. இன்னொன்று பின்னால். யாரோ போகிற வழியில் கண்ணாடிக்குள் பார்த்துவிட்டுப் பொலிஸை அழைத்திருக்க வேண்டும். முன்னால் நின்ற பெண் பொலிஸ் கைகளைக் காட்டச் சொல்லி பிரெஞ்சில் கத்தினாள்.

யோகராணி இருந்த இருப்பில் அசையவில்லை. அருள்நேசனோ முதலில் திகைத்தார், பிறகு டாஷ்போர்டில் கிடந்ததைப் பார்த்தார், பார்த்ததும் அவருடைய முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பைக் கண்டதும் அவள் செத்தே போனாள். அவர் என்ன செய்யப் போகிறார் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. எடுத்துக் காட்டப் போகிறார். இது பொம்மை, வெறும் பிளாஸ்டிக், பாருங்கள் என்று தூக்கிக் காட்டப் போகிறார்.

அவருடைய வலது கை முன்னால் நீண்டது.

அவள் பக்கத்து ஜன்னலுக்கு வெளியே, காதுக்குக் கிட்ட, 'டக்' என்று கேட்டது.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அவளுடைய இடது கை போய் அவருடைய கையை டாஷ்போர்டில் அப்படியே அழுத்திப் பிடித்தது. பொம்மையின் பிடிக்கும் அவருடைய கைக்கும் இடையில் நான்கு விரலளவும் இருக்காது. வலது கையையும் பக்கத்தில் விரித்து வைத்தாள்.

"தொடாதேங்கோ," என்றாள். "அசையாதேங்கோ. மற்றக் கையை ஸ்டியரிங்கில வையுங்கோ."

டாஷ்போர்ட் தோசைக்கல்லாகச் சுட்டது. அவர் கையை இழுக்கப் பார்த்தார். அவள் நகம் பதிய அழுத்தினாள். சுடட்டும், கொப்பளிக்கட்டும், கை இருந்தால் மருந்து போடலாம். அந்தப் பயத்திலும் அவளுக்கு இது தெளிவாகத் தெரிந்தது. பொங்கல் சரை சரிந்து காலடியில் விழுந்தது. அவர் அப்போதுதான் அவளைத் தாண்டி ஜன்னலைப் பார்த்தார். அங்கே நின்ற பொலிஸ்காரனின் உறை திறந்திருந்தது, அவனுடைய கை துப்பாக்கியில் இருந்தது. சிரிப்பு முகத்திலிருந்து வழிந்து போனது.

பிறகு எல்லாம் மெதுவாக நடந்தது. ஒவ்வொருவராக இறக்கினார்கள். அருள்நேசனின் கைகளைப் பின்னால் விலங்கிட்டு, கோயிலுக்கு வந்த சனமெல்லாம் பார்க்க வெயிலில் நிறுத்தினார்கள். பெண் பொலிஸ் டாஷ்போர்டில் கிடந்ததை எடுத்தாள், பாரம் இல்லாததைக் கண்டு நெற்றியைச் சுருக்கினாள், டேப்பை உரித்தாள். உள்ளே நீலம். விசாரித்தார்கள், விலங்கைக் கழற்றினார்கள், இனிமேல் இதைக் காரில் வைக்கவேண்டாம் என்று கண்டித்துவிட்டுப் போனார்கள். ஜன்னலருகே நின்றவன் இளம் பொடியன். தன் உறையின் பொத்தானைத் திரும்பப் பூட்ட அவனுக்கு இரண்டு தரம் அமத்த வேண்டியிருந்தது.

அருள்நேசனால் சாவியைத் திருப்ப முடியவில்லை. அவருடைய புறங்கையில் நகத்தடம் சிவந்திருந்தது.

"நான் அதை எடுத்திருந்தா…" என்று தொடங்கி நிறுத்தினார். பிறகு, "நீ அவனைத் திரும்பியே பாக்கேல்லை. அவன் திறந்தது உனக்கு எப்பிடித் தெரிஞ்சது?" என்று கேட்டார்.

"நீங்கள் கீழ இருந்து திறக்கிறது முழுக்க எனக்கு மேல கேக்கும்," என்றாள் யோகராணி. "ஒவ்வொருக்காலும் கையை விரிச்சு வைச்சுக்கொண்டுதான் நிக்கிறனான். நீங்கள் ஒருநாளும் மேல வந்து பாக்கேல்லை."



ஞாயிற்றுக்கிழமை காலை இருவரும் சமையலறை மேசையில் தேநீரோடு இருந்தார்கள். அவள் மருந்துக்குளிசை எடுக்கக் கைப்பையைத் திறந்தாள். 'டக்' என்றது. அருள்நேசனின் கையிலிருந்த கோப்பை மேசையில் சாய்ந்து தேநீர் ஓடியது. அவருடைய இரண்டு உள்ளங்கைகளும் அந்த ஈரத்தின்மேல் விரிந்து கிடந்தன.

"அது என்ர பை," என்றாள் யோகராணி.

அவர் தலையாட்டினார். கையை எடுக்க அவருக்கு இன்னும் கொஞ்ச நேரம் பிடித்தது.