சாளைக்குத் தெற்கே

மாசாணம் பதினான்கு ஜாடி மீன்குஞ்சுகளை நடுக்கடலிலிருந்து கிளப்பிக் கொண்டுவந்து கரையோரக் குடிசைக்குப் பக்கத்தில் குடிவைத்த விஷயம், 1996 ஜூன் மாதம் ஒரு வியாழக்கிழமை, டீ வருகிற நேரத்தில் வெளியே வந்தது. குடிவைத்து நாலு வருஷம் ஆகியிருந்தது. அதுவரை மீன்களும் ஆட்சேபம் சொல்லவில்லை.

கண்டுபிடித்தவள் ஜன்னத். காயல்பட்டினத்துப் பெண். ஆர்.எஸ்.புரத்தில் வாழ்க்கைப்பட்டு, அந்த வருஷம்தான் கல்லூரியின் விலங்கியல் துறையில் விரிவுரையாளராகச் சேர்ந்திருந்தாள். அங்கே ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த மாசாணத்தின் மேசையில் டம்ளர் வைக்க இடம் தேடியவள், விரித்துக் கிடந்த கடல் வரைபடத்தைப் பார்த்துவிட்டாள்.

“அண்ணே, இந்தப் புள்ளியெல்லாம் ஏன் கரையை ஒட்டிக்கிட்டு நிக்குது?”

“குஞ்சு புடிச்சுக் குடுத்த படகுக்காரர் நோட்டுல அப்படித்தானுங்க இருக்குது. ‘சாளைக்குத் தெற்கே’, ‘சாளைக்குக் கிழக்கே’ன்னு. கரையில அவரு சாளை இருக்குமுல்லீங்க, அத அடையாளம் வெச்சு வலை இழுத்திருக்காரு.”

“சாளைன்னா?”

“குடிசைங்க. தோட்டத்துல போட்டுக்குவமே.”

ஜன்னத் டம்ளரைத் தரையில் வைத்தாள். “எங்க பக்கம் சாளைன்னா மீனுல்லா! மத்தி, மத்தி. கூட்டமா நிக்கும். அந்தக் கூட்டத்துக்குத் தெக்க வலை போட்டிருக்காவ.”

மத்தி என்றால் அவனுக்குத் தெரியும். கேரள லாரியில் வந்து உக்கடம் மார்க்கெட்டில் இறங்குகிற மீனுக்கு மத்தி என்றுதான் பெயர். அதன் குஞ்சுகளை ஏழு வருஷமாக நுண்ணோக்கியில் எண்ணிக்கொண்டிருக்கிறான். லத்தீன் பெயர் தெரியும், முதுகெலும்பு எத்தனை கண்ணி என்று தெரியும், துடுப்பு எந்த வயதில் முளைக்கும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வான். பிடிக்கிறவர்கள் அதை என்ன சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்பது மட்டும் தெரியாமல் போயிற்று. கருமத்தம்பட்டியில் விசைத்தறிச் சத்தத்துக்கு நடுவில் பிறந்தவனுக்குக் கடல் ஆராய்ச்சியைக் கொடுத்தால் இப்படித்தான் ஆகும் என்று தனக்குத்தானே சொல்லிச் சிரித்துப் பார்த்தான். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

குடிசை நின்ற இடத்தில் நிற்கும். மீன்கூட்டம் நிற்காது. நாலு வருஷத்துக்கு முந்தைய ஒரு விடியலில் அது எங்கே நின்றது என்று எந்தப் படகுக்காரரைப் போய்க் கேட்பது? அந்தப் பதினான்கு ஜாடிகளில் எவ்வளவு இருந்தது என்பது சரி. எங்கே இருந்தது என்பது இனி யாருக்கும் தெரியாது. ‘மத்திக்குஞ்சு கரையோரத்தில்தான் அடர்ந்திருக்கிறது’ என்ற அவனுடைய ஆய்வேட்டின் முடிவு, அந்தப் பதினான்கின் மேல்தான் உட்கார்ந்திருந்தது. ஆய்வேடு தட்டச்சு முடிந்து, பைண்டும் போட்டு, வழிகாட்டி ராமாமணி மேடத்தின் கையெழுத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தது. மேடம் முப்பதாம் தேதி ஓய்வு பெறுகிறார். அவரை விட்டால் அந்தத் துறையில் கடல் தெரிந்தவர்கள் கிடையாது. மற்றவர்களெல்லாம் கொசுவும் பட்டுப்புழுவும்.

“நான் யாருட்டயும் ஒண்ணும் சொல்லிக்க மாட்டேன் அண்ணே,” என்றாள் ஜன்னத், ஆறிப்போன டீயைக் கையில் எடுத்தபடி. அது அவனுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

சாயங்காலம் வீட்டில் அம்மா மாசாணியம்மாள் வழக்கம்போலக் கேட்டாள். “எண்ணி முடிஞ்சுதா கண்ணு?”

“முடிஞ்சுதும்மா.”

“எத்தன?”

“பன்னண்டாயிரத்துச் சொச்சம்.”

“அத்தனையும் உசுரோடவா?”

“ஒண்ணுகூட இல்லம்மா.”

“அப்பறம் எதுக்குச் சாமி எண்றது?”

ஏழு வருஷத்தில் ஒரு பேராசிரியரும் இவ்வளவு நேராகக் கேட்டதில்லை. தட்டைக் கழுவுகிற சாக்கில் எழுந்துபோனான்.

மறுநாள் காலை ராமாமணி மேடம் தன் அறையில் புத்தகங்களை அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். யாருக்கும் முடியாது என்று சொல்லி அறியாத வாய் அது. முடியாததற்கு ‘பாக்கலாங்க’, வேண்டாததற்கு ‘ஆகட்டுங்க’. மாசாணத்தின் ஆய்வேட்டை நாலு மாதமாகப் ‘பாக்கலாங்க’வில் வைத்திருந்தார்.

“ஏனுங்க மேடம், மீனைக் கொண்டுபோய்க் குடிசையில வெச்சுப்போட்டனுங்க,” என்று வேடிக்கையாகத்தான் ஆரம்பித்தான். சாளை விஷயத்தைச் சொல்லி முடிக்கும்போது வேடிக்கை போய்விட்டிருந்தது.

மேடம் கையிலிருந்த புத்தகத்தைப் பெட்டியில் வைத்தார். “செரிங்க, பாக்கலாங்க.”

“நாலு மாசமாப் பாக்கறமுங்க மேடம். எனக்கு முப்பத்தாறு வயசாச்சுங்க. கையெழுத்துப் போடுவீங்களா, மாட்டீங்களா? ஒரே சொல்லாச் சொல்லிப்போடுங்க.”

அவர் ஆய்வேட்டை எடுத்து வரைபடம் இருந்த பக்கத்தைத் திறந்தார். “இந்தப் படம் மொதல்ல இருந்தே எனக்கு மனசுக்கு ஒப்பல. அந்த மாசத்துல அத்தனை மத்தி கரையில நிக்காது. எங்க தப்புன்னுதான் தெரியல. உங்ககிட்டக் கேக்கவும் சங்கடமா இருந்துச்சு.” மூடி அவன் கையில் கொடுத்தார். “போட மாட்டேன், மாசாணம். பதினாலையும் எடுத்துப்போட்டு மிச்சத்த வெச்சுப் புதுசா எழுதோணும். எழுதி முடிக்கறப்ப நான் இங்க இருக்க மாட்டேன்.”

சொல்லிவிட்டு அலமாரியைத் திறந்தார். பதினான்கில் இல்லாத, பிடித்த இடம் சரியாகத் தெரிந்த ஒரு ஜாடியை எடுத்துக் கண்ணாடித் தட்டில் கொஞ்சம் ஊற்றி ஜன்னல் வெளிச்சத்தில் வைத்தார். தண்ணீர் அசைந்து அடங்கியது. குஞ்சுகளின் உடம்பு எங்கே முடிகிறது, தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. கறுப்பு ஊசிமுனை போலக் கண்கள் மட்டும் இரண்டிரண்டாக மேலே பார்த்துக் கிடந்தன.